பட்டியலின் முதல் செடி

கனகவல்லி வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டைக்கென்று இருக்கும் குழிகளில் முட்டை இருக்காது. கண்மருந்துக் குப்பி, வைட்டமின் டப்பா, ஹோமியோபதி சீசா என்று சின்னச் சின்னதாக வரிசைகட்டி நிற்கும். எல்லாவற்றிலும் விதை. ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பொடி எழுத்தில் எழுதியிருப்பாள்: மூக்குத்தி அவரை, கோயமுத்தூர் அம்மா தபாலில் அனுப்பினது. வெள்ளை அடுக்குச் சங்குப்பூ, ஔந்த் பார்க்கில் மாற்றிக்கொண்டது. முட்டை வாங்கி வந்தால் அது கீழே காய்கறித் தட்டில் கத்தரிக்காயோடு உருண்டு கிடக்க வேண்டியதுதான். அவள் கணவர் ஜெகதீசன் இதற்காக முதல் இரண்டு வருஷம் சண்டை போட்டார். அப்புறம் மூன்று வருஷம் முணுமுணுத்தார். இப்போதெல்லாம் உடைந்த முட்டையைத் தாமே துடைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார்.

விதைகளுக்கெல்லாம் கணக்குப்பிள்ளை ஒரு டைரி. ஜெகதீசன் வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற வருஷம் கையில் கொடுத்து அனுப்பியது. முதல் பக்கத்தில் ‘மொட்டை மாடி’ என்று தலைப்புப் போட்டு, கீழே வளர்க்க ஆசைப்பட்ட செடிகளை எழுதிக்கொண்டே வந்து, இப்போது நாற்பத்து மூன்றில் நிற்கிறது. வெறும் பெயரோடு விடுகிறவள் அல்ல அவள். சிறகவரைக்குப் பந்தல் மேற்குப் பக்கம். தூதுவளை முள், துணி உலர்த்தும் கொடியிலிருந்து தள்ளி. சேப்பங்கிழங்கு எதற்கென்றால் கிழங்குக்கு அல்ல, இலைக்கு. மாவு தடவிச் சுருட்டி அளூவடி செய்ய, பழைய வீட்டில் அடுத்த வீட்டுக்காரரான லிமயே காக்குவுக்கு, அதாவது லிமயே சித்திக்கு, வேண்டும். பிரண்டைக்குத் தனியாக உடைந்த தொட்டி, நல்ல தொட்டி அதற்கு எதற்கு. இப்படி ஒவ்வொரு செடிக்கும் இடம், வெயில், தண்ணீர் எல்லாம் தீர்மானமாகிவிட்டது. மொட்டை மாடி மட்டும்தான் இன்னும் கட்டவில்லை.

கதை இதுதான். பூனாவை ஒட்டிய சிஞ்ச்வட்டில் இருபது வீடுகள் கொண்ட பழைய சொசைட்டி ஒன்றில், தரைத் தளத்தில் இருபத்து நாலு வருஷம் இருந்தார்கள். பின்பக்கம் ஒரு முழ அகலத்தில் மண் இருந்தது. அந்த ஒரு முழத்தில் கறிவேப்பிலை, கீரை, பாகல் என்று கனகவல்லி அதகளம் பண்ணினாள். அடுத்த வீட்டு மண்ணில் லிமயே காக்குவின் பவளமல்லி நின்றது. மராத்தியில் பாரிஜாதம். மரத்திலிருந்து பறிக்காமல், தரையில் விழுந்ததைப் பொறுக்கிச் சாமிக்கு வைக்கலாம் என்று விதிவிலக்கு பெற்ற பூ அது ஒன்றுதான். அதற்காகக் காக்கு தினமும் சாயங்காலம் மரத்தடியில் பழைய பருத்திப் புடவை ஒன்றை விரித்து வைப்பார். விடிந்ததும் புடவையின் நாலு மூலையையும் இரண்டு பெண்களும் பிடித்துத் தூக்கினால் நடுவில் வெள்ளையும் ஆரஞ்சுமாகக் குவிந்திருக்கும். பாதி காக்குவின் பிள்ளையாருக்கு, பாதி கனகவல்லியின் முருகனுக்கு. பங்கு பிரிப்பதில் அவர்களுக்குள் ஒருநாளும் தகராறு வந்ததில்லை.

பிறகு கட்டிடம் பழசாகிவிட்டது, இடித்துக் கட்டலாம் என்று ஒரு பில்டர் வந்தார். முப்பது மாதத்தில் ஏழு மாடி, லிஃப்ட், பெரிய சமையலறை. கனகவல்லிக்கு ஏழாவது மாடியில் வீட்டோடு ஒட்டிய சொந்த மொட்டை மாடி என்று படத்தில் பச்சை வண்ணம் பூசிக் காட்டினார். அவள் அந்தப் பச்சையில் விழுந்தாள். இருபது வீட்டில் பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். காக்கு மட்டும் முடியாது என்றுவிட்டார். காரணம், மரம். எல்லாரும் போட்டால்தான் கை வைப்பேன் என்று பில்டர் சொல்ல, காக்குவை யார் கரைப்பது? கனகவல்லிதான் போனாள். பத்து நாள் டீ குடித்துக் குடித்துப் பேசினாள். “என் டெரஸ்ல முதல் செடி உங்க பாரிஜாதம்தான் காக்கு, பட்டியல்ல முதல்ல எழுதியிருக்கேன் பாருங்க” என்று டைரியைத் திறந்து காட்டினாள். தமிழ் எழுத்தைக் காக்கு என்னத்தைக் கண்டார்? ஆனாலும் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மரத்தை வெட்டிய அன்று காக்கு ஒரு கைப்பிடி காய்ந்த காய்களைத் துணியில் முடிந்து கனகவல்லியிடம் கொடுத்தார். தட்டையாக, வட்டமாக, காசு மாதிரி இருக்கும். “வீடு எப்ப வேணும்னாலும் வரட்டும். இதை உடனே ஒரு டப்பாவுல போட்டுடு” என்றார். கொடுத்தது இரண்டாயிரத்துப் பதினெட்டு மே மாதம்.

உடனே போடவில்லை. எப்படிப் போடுவாள்? பூனாவில் வாடகை வீட்டு ஒப்பந்தத்துக்குப் பதினொரு மாதம்தான் ஆயுசு. முதல் வீட்டுக்காரர் ஜன்னல் கிரில்லில் தொட்டி வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார். தண்ணீர் சொட்டிக் கீழ்வீட்டுத் துணியில் கறை படியுமாம். இரண்டாவது வீட்டில் வெயிலே கிடையாது. மூன்றாவது வீட்டில் பால்கனி இருந்தது, ஆனால் நாலே மாதத்தில் வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று காலி பண்ணச் சொல்லிவிட்டார். இதில் எங்கே ஒரு மரத்தை நட்டு எங்கே தூக்கிக்கொண்டு அலைவது? அதனால் பத்திரமாக ஃப்ரிட்ஜில் வைத்தாள். மொட்டை மாடி வரட்டும், எல்லாவற்றையும் ஒரேநாளில் போட்டுவிடலாம். அந்தப் பில்டரோ மூன்றாவது மாடி வரைக்கும் கான்கிரீட் போட்டுவிட்டு ஒருநாள் காணாமல் போனார். துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்க, ஏழு மழைக்காலம் போய்விட்டது.

இதில் வந்த வினை என்னவென்றால், வியாழக்கிழமை. சிஞ்ச்வட் பக்கத்தில் வியாழக்கிழமை என்றால் மின்சாரம் நிறுத்தும் நாள். அன்றைக்கு டிவி ஓடாது, மிக்ஸி ஓடாது, கனகவல்லி சும்மா உட்கார்ந்திருப்பாள் என்று காக்குவுக்குத் தெரியும். ஔந்தில் மகன் வீட்டில் ஒன்பதாவது மாடியில் ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு வாராவாரம் போன் போடுவார். முதல் வியாழனே கேட்டார், விதை போட்டாயா என்று. நாளைக்குப் போட்டுவிடலாம் என்கிற நினைப்பில் கனகவல்லி “போட்டுட்டேன் காக்கு” என்றாள். மூன்றாவது வாரம், முளைத்ததா என்றார். முளைக்கவில்லை என்றால் கிழவிக்கு மனசு கஷ்டப்படுமே. “ரெண்டு இலை விட்டிருக்கு.”

அவ்வளவுதான், பொய் வேர் பிடித்துவிட்டது. அது சாண் உயரம் ஆனது. கொரோனா வருஷத்தில் முழங்கால் உயரம். அப்புறம் இடுப்பு. பவளமல்லி மூன்று வருஷத்தில் பூத்துவிடும் என்பது கனகவல்லிக்குத் தெரியும், காக்குவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். ஆகவே பூக்கிற பருவம் நெருங்கும்போதெல்லாம் செடிக்கு ஒரு கண்டம் வரும். ஒரு வருஷம் வர்ணம் பூச வந்தவன் நுனியை ஒடித்தான். ஒரு வருஷம் குரங்கு வந்தது. வீடு மாறினதில் அதிர்ச்சி ஆகி இலையெல்லாம் கொட்டிவிட்டது என்று ஒருமுறை சொன்னாள். போனை வைத்துவிட்டு அந்த இலைகளுக்காக உண்மையாகவே கொஞ்ச நேரம் அழுதாள். ஜெகதீசன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருப்பார். “உன் செடிக்கு யார் கண்ணு பட்டுச்சோ” என்பார். அதற்கு மேல் அவர் கேலி செய்ததில்லை.

அவருக்கும் சிரிக்கிற நிலைமை இல்லை. இப்போது இருப்பது நாலாவது வாடகை வீடு, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. பொங்கலுக்குக் கீழே போய்விட்டு ஏறி வந்தவர் படியிலேயே இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் இறங்கவே இல்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கிரில் கம்பிக்கு வெளியே ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு நாளைக் கழிக்கிறார். புதுக் கட்டிடத்தில் லிஃப்ட் வரும் என்கிற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த ஜூன் மாதம் சொசைட்டி செகரெட்டரி வாசுதேவன் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்தார். புது பில்டர் கிடைத்துவிட்டார். பதினெட்டு மாதத்தில் முடித்துக் கொடுக்கிறார். திருத்தின வரைபடத்துக்கு இருபது பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கனகவல்லி வரைபடத்தை வாங்கி மேஜைமேல் விரித்து ஏழாவது மாடியைத் தேடினாள். பச்சை வண்ணத்தைக் காணோம்.

“டெரஸ் எங்க வாசுதேவன் சார்?”

“அது காமன் ஆயிடுச்சு மேடம். மேல சோலார் பேனல் போடறாங்க. உங்களுக்கு டிரை பால்கனி இருக்கு பாருங்க, நாலுக்கு மூணு.”

துணி உலர்த்த நாலடிக்கு மூன்றடி. வாஷிங் மெஷினை வைத்துவிட்டு ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கலாம். கனகவல்லி ஜெகதீசனைப் பார்த்தாள். அவர் வரைபடத்தில் லிஃப்ட் என்று போட்டிருந்த கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ஏழு வருஷத்து மாடி ஒரு நிமிஷத்தில் போனது.

“பத்தொன்பது ஆச்சு” என்றார் வாசுதேவன். “லிமயே காக்குதான் பாக்கி. போட மாட்டேங்கறாங்க. போன தடவை கனகா பேச்சைக் கேட்டுப் போட்டேன், என் செடியை அவ காட்டட்டும், அப்புறம் போடறேன்னு ஒரே பிடிவாதம். போட்டோவாவது காட்டினா போதுமாம். நீங்கதான் வளர்க்கறீங்களாமே? ஒரு நடை போய்ட்டு வந்துடுங்க மேடம். மாசக் கடைசிதான் கெடு.”

அவர் போனபிறகு ஜெகதீசன் மேஜைமேல் அவர் விட்டுப்போன பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, “காக்கு போடலன்னா என்னை இந்த மூணு மாடியும் நாலு பேர் தூக்கிக்கினுதான் எறங்கணும்” என்றார்.

“இன்னாத்துக்கு அப்படிப் பேசறீங்க? வாய மூடுங்க.”

அன்றைக்கே ஃப்ரிட்ஜைத் திறந்து, காக்கு கொடுத்த காய்கள் இருந்த முதல் குப்பியை எடுத்தாள். பதினொரு காய் இருந்தது. வெந்நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு அடுப்பு மேடையின் சூட்டோரம் வைத்தாள். தினமும் தண்ணீர் தெளித்தாள். இப்போது முளைத்தாலும் இடுப்பு உயரச் செடிக்கு அது பதில் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றாவது முளைத்துவிட்டால், சொன்னதில் ஒரு துளியாவது நிஜமாகிவிடும் என்று ஒரு கிறுக்கு ஆசை. பதினெட்டாம் நாள் துணியை விரித்தாள். பூஞ்சை பிடித்து நாறியது. ஒன்றை நகத்தால் பிளந்தாள். உள்ளே விதை என்று சொல்ல ஒன்றுமில்லை, பழுப்புப் பொடி. மற்றக் குப்பிகளைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. ஃப்ரிட்ஜ் கதவை இழுத்து மூடினாள்.

மறுநாள் பழைய ஹைவே ஓரம் காசிம் வைத்திருக்கும் நர்சரிக்குப் போனாள். ஒவ்வொரு மழைக்காலமும் வந்து செடிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிற பெண்மணி என்று காசிமுக்கு அவளை நன்றாகத் தெரியும். இடுப்பு உயரப் பாரிஜாதம் கேட்டதும் மனிதருக்கு ஆச்சரியம். கொண்டுவந்து வைத்தார். கனகவல்லி அதன் இலையைத் தடவினாள். உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று, அதே இலை. வாங்கிவிடலாமா? வாங்கி எங்கே வைப்பது? செல்போனை எடுத்து, தன் துப்பட்டாவைக் காசிம் கையில் கொடுத்துச் செடிக்குப் பின்னால் திரை மாதிரி பிடிக்கச் சொல்லி, மூன்று படம் எடுத்துக்கொண்டாள்.

“செடி வேணாமா ஆன்ட்டி, போட்டோ மட்டும் போதுமா?” என்றார் காசிம், இந்தியில்.

“போதும் பாய்” என்றாள். அவர் துப்பட்டாவை உதறி மடித்துக் கொடுத்தார்.

புதன்கிழமை பஸ் ஏறி ஔந்த் போனாள். காக்குவின் மகனும் மருமகளும் ஆபீசில். கதவைத் திறந்த காக்கு எண்பத்தொரு வயதில் இன்னும் சின்னதாகிவிட்டிருந்தார். அவர் அறையை ஒட்டி ஒரு பால்கனி, அதில் புறா வராமல் இருக்க மேலிருந்து கீழ்வரை நைலான் வலை. வலைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. செடி ஒன்றும் இல்லை. மருமகளுக்கு மண் ஆகாது.

அவர்கள் பேசியது மராத்தி. நமக்காகத் தமிழில்.

“காட்டு” என்றார் காக்கு, டீகூடக் கொடுக்காமல்.

கனகவல்லி போனை நீட்டினாள். காக்கு போன வருஷம்தான் இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர். படத்தை முதலில் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பேரன் சொல்லிக்கொடுத்த மாதிரி இரண்டு விரலை வைத்து விரித்தார். இலையைப் பெரிசாக்கினார். படத்தை மெல்ல ஓரத்துக்கு நகர்த்தினார். அங்கே துப்பட்டா முடிகிற இடத்தில், அதே உயரத்தில் அதே செடிகள் ஆறு, கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் நர்சரிச் சீட்டு தொங்கியது. முந்தின நாள் அத்தனை தடவை பார்த்தவள் கண்ணுக்கு அது படவே இல்லை. இப்போது காக்குவின் விரலுக்கு அடியில் பட்டது.

காக்கு அந்த ஆறு செடியையும் நிதானமாகப் பார்த்தார். போனை அணைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லா வளர்த்திருக்க” என்றார். “பேப்பரைக் கொடு.”

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர், கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு பக்கமும் படித்தார். “இதுல உன் டெரஸ் இல்லையே, கனகா.”

“இல்ல காக்கு.”

“தெரிஞ்சுதான் போட்டியா?”

“அவருக்கு முட்டி போயிடுச்சு. லிஃப்ட் வேணும்.”

காக்கு தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கனகவல்லியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “காக்கு, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் செடி…”

“சொல்லாத.”

“இல்ல காக்கு, நான் இத்தனை வருஷமா…”

“சொல்லாதன்னேன்.” காக்குவின் குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது. பிறகு இறங்கியது. “நீ முழங்கால் உயரம்னு சொன்ன அன்னிக்கு நான் என் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கிட்டேன். இடுப்புன்னு சொன்னப்ப எழுந்து நின்னு பார்த்தேன். அந்த வலைக்குள்ள உக்காந்துக்கிட்டு வியாழக்கிழமை எப்ப வரும்னு இருக்கேன். எனக்கு இங்க வேற என்ன இருக்கு? மரத்தை ஒருதடவை வெட்டியாச்சு. மறுபடி நீ வெட்டிட்டுப் போகாத.”

காக்கு எழுந்து டீ போடப் போனார். இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு, மழை இந்த வருஷம் முன்கூட்டியே வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து படியேறிக் கதவைத் திறப்பதற்குள் ஜெகதீசன் உள்ளிருந்தே, “போட்டாங்களா?” என்றார்.

“போட்டாங்க.”

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பதினெட்டு மாதம், பதினெட்டே மாதம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கனகவல்லி டைரியை எடுத்து மேஜைமேல் வைத்து, நாலுக்கு மூன்றில் எது நிற்கும் என்று பார்க்க ஆரம்பித்தாள். சிறகவரைக்குப் பந்தல் இடமில்லை, அடித்தாள். சேப்பங்கிழங்கு, அடித்தாள். சங்குப்பூவுக்கு வெயில் வராது. தூதுவளை முள் துணியைக் கிழிக்கும். கீழேயிருந்து மேலாக ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். நாற்பத்திரண்டு போயிற்று. முதல் வரியில் பேனாவை வைத்தாள், வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மூடியைப் போட்டு டைரியை உள்ளே வைத்துவிட்டாள். விதையே இல்லாத அந்த ஒரு செடிதான் பட்டியலில் மிஞ்சியது. அதை அடிக்க இனி அவளுக்கு உரிமை கிடையாது.

மறுநாள் வியாழக்கிழமை. பத்து மணிக்கு மின்விசிறி நின்றது. ஜெகதீசன் ஜன்னலோரம் துண்டால் விசிறிக்கொண்டு ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. கனகவல்லி நாலைந்து மணி அடிக்க விட்டுவிட்டு எடுத்தாள்.

“எப்படி இருக்கு?” என்றார் காக்கு, எப்போதும் போல.

கனகவல்லி வெறும் கிரில்லைப் பார்த்தாள். “மொட்டு விட்டிருக்கு காக்கு.”

“எத்தனை?”

“பதினொண்ணு.”

“ராத்திரியே விரிஞ்சுடும். விடியும்போது கொட்டும்” என்றார் காக்கு. “அடியில புடவை விரிச்சு வெச்சியா?”

ஜெகதீசன் விசிறுவதை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“விரிச்சுட்டேன் காக்கு” என்றாள்.